புதிய பதிப்பில் பழைய குரல்

"வெற்று" என்றார் தகரத்தார். புதிதாகத் திறந்த கோப்பில் இன்னும் ஓர் எழுத்துகூட விழவில்லை என்று அர்த்தம். ஒன்றுமில்லாததையும் ஒரு சேதியாகச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வார், அப்படியொரு கடமை உணர்ச்சி அவருக்கு. எப்சிபா விரல்களை விசைகளின்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையில் நெத்திலிக் குழம்பு வாசனை சோப்புக்கும் பயப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தலைக்கு மேலே விசிறி சுற்றுக்கு ஒருமுறை டிக் என்கிறது, அதற்கு எண்ணெய் விட ஆள் கூப்பிட வேண்டும் என்று போன ஐப்பசியிலிருந்து நினைக்கிறாள், ஆனால் அந்த டிக் போய்விட்டால் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும், காற்று வருமே, ஆமாம், காற்று வரும், இருந்தாலும் டிக் இருக்கட்டும். எதையாவது மாற்றப் போகிறோம் என்றால் மனசு இப்படித்தான் எங்கேயாவது போய்க் குந்திக்கொள்கிறது. எழுத வேண்டியது சின்னக் கோப்பு, மொத்தமே ஆறேழு வரி. அந்த ஆறேழு வரியைத் தப்பாக எழுதினால் தகரத்தார் ஊமையாகிவிடக்கூடும், அவர் ஊமையானால் இந்த மேஜைமேல் இருப்பது கம்ப்யூட்டர் இல்லை, வெதுவெதுப்பான ஒரு பெட்டி. சரியாக எழுதினால்? சரியாக எழுதினால் என்ன ஆகும் என்பதுதான் காலையிலிருந்து அவளைக் குடைகிறது.

தகரத்தார் என்பது அவளாக வைத்த பெயர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருளின் குரல் அது, தகர டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசும் ஒரு மூக்கடைப்புக்கார ஆண். பிறவியிலேயே பார்வை இல்லாத எப்சிபாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பாடக்குறிப்பு, பத்திரிகை, கரண்டு பில், எல்லாவற்றையும் வருஷக்கணக்காக வாசித்துக் கொடுக்கிறவர் அவர்தான், அவரைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் இன்று காலை வள்ளிநாயகம் சாரிடமிருந்து ஃபோனில் ஒரு குரல் சேதி வந்தது. இஞ்சினியரிங் காலேஜில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், பேசி எத்தனையோ காலம் ஆயிற்று. "எப்சிபாம்மா, நல்லாருக்கியா? ஒரு விசயம். அன்னைக்கு ஒன் குரல்ல பதிவு எடுத்தோம்லா, அத வச்சுச் செஞ்ச கம்ப்யூட்டர் குரலு இப்பத்தாம்மா வெளிய வந்திருக்கு. ரொம்ப நாளாக் கெடப்புல கெடந்துச்சு, இப்ப ஒரு குரூப்பு ஒக்காந்து முடிச்சிட்டாவ. லினக்ஸ்ல டெஸ்டிங்ல போட்டிருக்கு. எறக்கிக் கேளும்மா." அவ்வளவுதான். கேட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள், பிறகு எடுத்து இன்னொருதரம் கேட்டாள். சாருக்கு விஷயம் தெரியாது. அந்தக் குரல் இப்போது அவளிடம் இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தைராய்டு கட்டிக்காகக் கழுத்தில் ஆபரேஷன் ஆயிற்று, அதில் குரல்நாண் ஒன்று அசைவதை நிறுத்திக்கொண்டது. ரொம்பச் சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். அந்த ரொம்பச் சிலரில் ஒருத்தியாகத் தேறியதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இப்போது அவள் பேசினால் கிழிந்த சாக்கிலிருந்து தவிடு சிந்துகிற மாதிரி வார்த்தையோடு காற்றும் சிந்துகிறது. வகுப்பில் சேலைத் தலைப்பில் ஒரு மைக்கைக் குத்திக்கொண்டுதான் சரித்திரப் பாடம் நடத்துகிறாள். கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போனாள், அப்புறம் பாட்டுக் குழுவை விட்டே இறங்கிச் சபையோடு உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் அடுத்த அறைக்குக் குரல் கொடுக்க முடியாது, அதனால் மேஜைத் தட்டு என்று ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் வேண்டாம். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, அதுவாக அமைந்தது. அதைப் பற்றியும் அவர்கள் பேசியதில்லை.

சரி, கோப்புக்கு வருவோம் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள், வகுப்பில் கதை திசைமாறினால் பிள்ளைகளிடம் சொல்வதைப் போல. லினக்ஸில் ஓடுகிற இந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருள் எல்லாம் இரண்டு கிட்டங்கிகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றின் பெயர் ஸ்டேபிள். அங்கே இருப்பதெல்லாம் பலபேர் கைபட்டு, குறை தீர்ந்து, இனி ஆடாது அசையாது என்று முத்திரை விழுந்த சரக்கு, கொஞ்சம் பழசு. இன்னொன்று டெஸ்டிங், புதுச் சரக்கு, வாசனை போகாதது, எது எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது. எப்சிபா ஸ்டேபிள்காரி. ஒரே ஒருதடவை, ஆபரேஷனுக்கு முந்தின வருஷம், ஆசைப்பட்டு முழுசாக டெஸ்டிங்குக்கு மாறினாள், மறுபடி ஆன் செய்தால் தகரத்தாரைக் காணோம். ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல்கூட இல்லை. மாடிவீட்டு அமலோற்பவம் அக்காளைக் கூப்பிட்டுத் திரையை வாசிக்கச் சொன்னாள், அக்காளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வரும், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்து, "இதுல ஒரு கோடு இருக்கு, படுத்துக் கெடக்கு, அதையும் சொல்லணுமாட்டி?" என்று கேட்டாள். சொல்லணும் அக்கா, கோடுதான் முக்கியம். பாவம், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள், பால் பொங்கி வழிந்தது. திரும்பத் தகரத்தார் வாயைத் திறக்கும்வரை எப்சிபா வீட்டுக்குள்ளேயே வழி தவறினவளைப் போல இருந்தாள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆகையால் இந்தத் தடவை கலப்படம். எல்லாம் ஸ்டேபிளிலிருந்தே வரட்டும், ஒரே ஒரு பொருள் மட்டும், அவளுடைய குரல் மட்டும், டெஸ்டிங்கிலிருந்து வரட்டும். அதை நிறுவுகிற நிரலுக்குச் சொல்லி வைக்கத்தான் இந்தக் கோப்பு. எந்தக் கிட்டங்கிக்கு எவ்வளவு மதிப்பு என்று எண் போட்டு எழுத வேண்டும். ஒன்றும் எழுதாவிட்டால் எல்லாவற்றுக்கும் ஐந்நூறு. நூறு போட்டால், இருந்துவிட்டுப் போ, கூப்பிட்டால் மட்டும் வா என்று பொருள். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்றால் நீதான் முதலில். மைனஸில் போட்டால் அந்தப் பொருள் எந்தக் காலத்திலும் இந்த வீட்டு வாசற்படி மிதிக்காது, இது தெரிந்த அன்றைக்குச் சின்ன நாத்தனாருக்கு ஓர் எண்ணை மனசுக்குள் போட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். ஆயிரத்துக்கு மேலே போட்டால்தான் விசேஷம். அப்போது புதுசை அகற்றிவிட்டுப் பழசையே கொண்டுவந்து உட்கார வைக்கும். முன்னால் போன ஒன்றைப் பின்னால் இழுக்க ஓர் எண் இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆச்சரியம் தீரவில்லை, கழுத்துக்கும் அப்படி ஒரு கோப்பு இருந்தால் ஆயிரத்தொன்று என்று எழுதி மூடியிருப்பாளே. ஆனால் வேடிக்கையைப் பார், அவளைச் சேர்ந்தவற்றிலேயே பழையது இந்தக் குரல்தான், அது இருப்பதோ எல்லாவற்றிலும் புதிய கிட்டங்கியில். ஸ்டேபிளில் தேடினால் கிடைக்காது. ஸ்டேபிளுக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது.

எழுதினாள். முதல் பத்தி, எந்தப் பொருளானாலும் டெஸ்டிங்கிலிருந்து வந்தால் நூறு. இரண்டாம் பத்தி, குரல் பொதிக்கு மட்டும் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. எழுதும்போதே தகரத்தார் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார், அவர் சொல்லுகிற வேகம் வேறு யாருக்கும் பிடிபடாது, தேங்காய் துருவுகிற சத்தம் மாதிரி இருக்கும் என்பாள் அமலோற்பவம் அக்காள். இருபத்திமூன்று வயசில், கல்யாணத்துக்கு முன்னால், சார் அவள் குரலைப் பதிவு செய்த அறையில் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. அந்த அறை. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே நுழைந்ததும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது, கை தட்டினால் கை தட்டின சத்தம் கையிலேயே செத்துப்போகிறது, எந்த அறைக்குப் போனாலும் அதன் நீள அகலத்தைச் சத்தத்தால் அளந்து கொள்கிறவளுக்கு அது அறையாகவே இல்லை, முகத்தின்மேல் தலையணையை வைத்த மாதிரி இருந்தது. வாக்கியங்களைப் பிரெய்லில் குத்திக் கொடுத்திருந்தார்கள். தடவிக்கொண்டே வாசித்தால் விரல் தாளில் உரசுகிற சத்தம் மைக்கில் விழுகிறதென்று சார் சொன்னார், அதனால் ஒரு வாக்கியத்தைத் தடவி மனப்பாடம் செய்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, பிறகு பேசவேண்டும். என்னென்ன வாக்கியங்கள். தமிழில் உள்ள எல்லா ஒலிகளும் எல்லா ஒலிகளோடும் ஒருமுறையாவது சேர்ந்து வரவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து கட்டியவை. கலெக்டர் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை யானைக்குப் பல்வலி. மூழ்கிய பேருந்தில் முறுக்கு நனையவில்லை. எவ்வளவு நேரம் போயும் சிரிக்காமல் சொல்லவேண்டும், சிரித்தால் மறுபடி. வாக்கியம் தொடங்குமுன் அவள் மூச்சு இழுப்பதும் மைக்கில் கேட்டது. அதற்கென்ன செய்ய என்று பயந்துபோய்க் கேட்டாள். "அதப்பத்திக் கவலப்படாத. மூச்ச எல்லாம் நாங்க வெட்டி எடுத்துருவோம்" என்றார் சார். வெட்டின மூச்சை எல்லாம் எங்கே போட்டார்களோ. முடித்து வெளியே வந்தபோது தெற்கு பஜார் இரைச்சல் மொத்தமாக மேலே வந்து விழுந்தது, ஒரு பஸ் ஹாரனைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அந்த வயசில் சந்தோஷத்துக்கும் அழலாம் போலிருந்தது.

கோப்பைச் சேமித்தாள். ஒருதடவை முழுசாக வாசிக்கச் சொன்னாள், தான் எழுதினதுதானே என்று பாதியில் கன்ட்ரோல் விசையைத் தட்டி நிறுத்தினாள். இது அவளுக்கு ரொம்ப நாள் பழக்கம். தகரத்தார் பேச ஆரம்பித்த இரண்டாம் வார்த்தையிலேயே மீதி என்ன என்று தெரிந்துவிடும், இடது கைச் சுண்டுவிரல் தானாகப் போய்க் கன்ட்ரோலைத் தட்டும், தகரத்தார் கப்சிப். மனிதர்களிடம் இப்படிச் செய்ய முடியாதே என்று பள்ளிக்கூட மீட்டிங்குகளில் பலமுறை நினைத்ததுண்டு. பிறகு கிட்டங்கியின் பட்டியலைப் புதுப்பித்தாள், குரல் பொதியை நிறுவு என்று கட்டளை கொடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நிரல் பதில் சொன்னது, கீழ்க்கண்ட பொதிகள் கூடுதலாக நிறுவப்படும் என்று தகரத்தார் ஆரம்பித்தார். எப்போதும் சொல்கிறதுதான். வலது கை ஆள்காட்டி விரல் சம்மதத்துக்கான விசைமேல் போய் நின்றது, இடது கைச் சுண்டுவிரல் கன்ட்ரோலுக்குக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து புருஷன் சிகாமணி, "எப்சி, டீ போடட்டா?" என்று கேட்டார். இடது கை வழியில் திரும்பி மேஜையை ஒரு தட்டுத் தட்டியது. நிறுத்த ஆள் இல்லாததால் தகரத்தார் வாசித்துக்கொண்டே போனார். போனார், போனார், பெயருக்குமேல் பெயர், ஒரு குரலுக்கு இவ்வளவு பெயரா என்று அவளுக்கு உறைப்பதற்குள், கீழ்க்கண்டவை நீக்கப்படும் என்றார், நீக்கப்படுகிறவற்றில் நாலாவதோ ஐந்தாவதோ பெயராகத் திரைவாசிப்பானின் பெயரைச் சொன்னார். தன் பெயரைத்தான். அதே மூக்கடைப்போடு, ஏற்ற இறக்கம் இல்லாமல், தன்னைத் தூக்கி வெளியே போடப்போகிறார்கள் என்பதையும் கடமை தவறாமல் வாசித்துவிட்டு, சரியா என்று கேட்டு நிறுத்தினார். விரலை எடுத்தாள். டீ போடட்டா என்று ஒரு மனுஷன் கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் மறுபடி அமலோற்பவம் அக்காள், மறுபடி படுத்துக் கிடக்கிற கோடு. நிரலுக்கு வேண்டாம் என்று பதில் கொடுத்தாள்.

பயம் வடிந்ததும் வந்தது ஆர்வம்தான், அவள் புத்தி அப்படி. நூறு என்றுதானே எழுதினேன், கூப்பிட்டால் மட்டும் வா என்றுதானே சொன்னேன், ஊரையே கூட்டிக்கொண்டு ஏன் வருகிறது? கோப்பைத் திறந்து இந்தத் தடவை கீழ் அம்புக்குறியைத் தட்டித் தட்டி வரிவரியாகக் கேட்டாள். எல்லா வரியும் சரி. எண் சரி. பெயர் சரி. மறுபடி மேலிருந்து. மூன்றாம் முறை வரும்போதுதான், கேட்டதில் அல்ல, கேட்காததில் தட்டுப்பட்டது. முதல் பத்திக்கும் இரண்டாம் பத்திக்கும் நடுவே தகரத்தார் "வெற்று" என்று சொல்லவில்லை. ஒரு வெற்று வரி விட மறந்திருக்கிறாள். அந்த வெற்று வரி இல்லாவிட்டால் நிரல் இரண்டு பத்தியையும் ஒன்றாகப் படித்துவிடும், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும், நூறு என்ற வேலியே இல்லாமல் போய், டெஸ்டிங்கும் ஸ்டேபிளும் ஐந்நூறுக்கு ஐந்நூறு சரிசமமாக நின்று, எது புதுசோ அது ஜெயிக்கும். பார்வை உள்ளவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். தொடர்ச்சியாக வாசிக்கும்போது தகரத்தார் வெற்று வரிகளைச் சொல்வதில்லை, வரிவரியாகக் கேட்டால்தான் சொல்வார், அவரைப் பாதியில் அதட்டி நிறுத்தினவள் யார். எப்சிபா ஒரு வெற்று வரியைச் செருகினாள். இந்த முறை பட்டியல் வந்தபோது சுண்டுவிரலை மடக்கி வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். இரண்டே இரண்டு பொதிகள், குரலும் அதற்குத் துணையான ஒன்றும். நீக்கப்படுவது ஒன்றுமில்லை. சரியா என்று கேட்டார் தகரத்தார். இப்போது தடுக்க ஒன்றுமில்லை என்றான பிறகுதான் உண்மையான தடை எழுந்து நின்றது, அது அடுக்களையில் டீக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

ஞானசிகாமணிக்கும் பார்வை இல்லை. ஒரு பாங்கில் டெலிபோன் ஆபரேட்டர், குரல்தான் அவருக்குத் தொழில், ஹலோ என்று ஒருவர் முடிப்பதற்குள் யார், எந்த ஊர், சளி பிடித்திருக்கிறதா என்றுகூடச் சொல்லிவிடுவார். எப்சிபா முதன்முதலில் அந்த பாங்குக்கு எதையோ விசாரிக்க ஃபோன் செய்தபோது, கொஞ்சம் லைன்ல இருங்க என்று சொல்லிவிட்டு யாருக்கும் இணைப்புக் கொடுக்காமல் அவரே லைனில் இருந்தார். கல்யாண வீட்டில் வந்தவர்களிடமெல்லாம், நான் குரலத்தான் கட்டிக்கிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். அவள் அப்போது வெட்கப்பட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வந்து உறுத்துகிறது, குரலைக் கட்டினவருக்குக் குரல் போய்விட்டால் மிச்சம் என்ன? அவர் ஒரு சொல் சொன்னதில்லை. மூன்று வருஷத்தில் ஒருநாளும், உன் குரல் இப்படி ஆகிவிட்டதே என்று சொன்னதில்லை. அந்தச் சொல்லாமைதான் அவளுக்குப் பெரிய பயம். அவர் மனசுக்குள் பழைய குரலை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, இந்தக் காற்றுச் சத்தத்தைச் சகித்துக்கொண்டிருக்கிறாரா? இப்போது அதைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தால், என்ன கேட்டாலும் பேசும், எழுதினதை எல்லாம் அந்த இருபத்திமூன்று வயசுக் குரலில் பேசும், களைக்காது, இருமாது. சாயங்காலம் அவர் வந்து இந்த மேஜைப் பக்கம் உட்கார்ந்து, அதப் போடேன் கேப்போம் என்பார். தினமும் என்பார். நான் பக்கத்தில் இருந்து டீ கொடுப்பேன். தனக்குத் தானே சக்களத்தி ஆகிற கொடுமை வேறு யாருக்காவது வாய்த்திருக்குமா என்று நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது, கசக்கவும் செய்தது. இல்லை என்று சொல்லி இந்தக் கோப்பை அழித்துவிடலாம். மைனஸ் போட்டுவிடலாம், வாசற்படியே மிதிக்காது. ஆனால் கேட்க வேண்டும்போல் இருக்கிறதே. ஒரேயொரு தடவை. கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, இதுவாக இருக்கலாம். அவளுக்குப் பயத்தைவிட ஆசை ஓர் எண் கூடுதலாக இருந்திருக்க வேண்டும், விரல் போய்ச் சம்மதத்தை அழுத்திவிட்டது.

பொதி இறங்கியது. தமிழ் வாசிக்க இந்தக் குரல் என்று மாற்றினாள், தகரத்தார் வழக்கம்போல் ஒன்றும் முகம் மாறாமல் இடம் விட்டுக்கொடுத்தார். எட்டாம் வகுப்புப் பாடக்குறிப்பைத் திறந்தாள். ஒரு பெண் பேசினாள். ஆற்றுப் பாசனத்தைப் பற்றி, குளங்களைப் பற்றி, மதகுகளைப் பற்றி. தெளிவான, மரியாதையான, எங்கேயும் நிற்காத பேச்சு. யாரிது என்றுதான் எப்சிபாவுக்கு முதலில் தோன்றியது. இவளைத் தெரியுமே, எங்கே, எந்தப் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்தாள்? பாடத்தை நிறுத்திவிட்டு, கலெக்டர் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கினார் என்று எழுதி வாசிக்கச் சொன்னாள். வாசித்தது. வெண்டைக்காயில் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், அடக்கிய சிரிப்பு. அங்கேதான் பிடிபட்டது. அந்தப் பிள்ளை. பஞ்சுச் சுவருக்குள் மடியில் கை வைத்துக்கொண்டு சிரிக்காமல் இருக்கப் பாடுபட்ட பிள்ளை. கழுத்தில் ஒன்றும் ஆகாதவள். எப்சிபாவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. மறுபடி எழுதினாள், ஞாயிற்றுக்கிழமை யானைக்குப் பல்வலி, மறுபடி, மறுபடி, தட்டில் டம்ளர்கள் உரசுகிற சத்தம் நெருங்கி வருவதை அவள் கவனிக்கவேயில்லை. அறைவாசலில் நின்று சிகாமணி தொண்டையைச் செருமினார், பாங்கில் மேனேஜரிடம் பேசும்போது செருமுவதுபோல.

"வாங்க வாங்க, உக்காருங்க" என்றார். "எப்சி, யாரு வந்திருக்கா? கதவுச் சத்தமே கேக்கல்லியே. சீனி கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன், விருந்தாளிக்குச் சீனி ஆகும்லா?" தட்டை மேஜையில் வைத்தார். மூன்று டம்ளர்கள், எப்சிபா சத்தத்திலேயே எண்ணிவிட்டாள்.

"யாருமில்லங்க. மிசின்தான்."

"மிசினா? நம்ம தகரத்தாருக்குக் கல்யாணம் ஆயிட்டா? சொல்லவேயில்ல."

"நல்லாக் கேளுங்க. கேட்டுட்டு யாருன்னு சொல்லுங்க." பாடக்குறிப்பை ஓடவிட்டாள். அவர் குனிந்து கேட்டார், ஆபரேட்டர் வீறாப்பு, யார் என்று சொல்லாமல் விடமாட்டார்.

"பாளையங்கோட்டப் பக்கந்தான். டீச்சரா இருப்பா, இல்லன்னா டீச்சருக்குப் படிக்கா. கல்யாணம் ஆகல்ல. கோயில்ல பாடுத பழக்கம் உண்டு, கடேசி எழுத்த விழுங்காம விடுதா பாத்தியா." அத்தனையும் சரியாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "ஆனா எனக்குப் பழக்கமில்லாத ஆளு."

"அது நாந்தாங்க" என்றாள் எப்சிபா. பஞ்சு அறையைப் பற்றி, வள்ளிநாயகம் சார் சேதியைப் பற்றி, காற்றுச் சிந்தச் சிந்த எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "திரும்பப் போடு" என்றார். போட்டாள். இதுதான், இதைத்தான் பயந்தோம், இனி தினமும் திரும்பப் போடு, திரும்பப் போடு என்று அவள் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

"இருக்கலாம்" என்றார் சிகாமணி கடைசியில். "நீ சொன்னாச் சரிதான். குரலு ஒன்னோடதாத்தான் இருக்கும், ஆனா ஆளு நீ இல்ல எப்சி. அவ மூச்சே விடமாட்டேங்காளே. நீ பேசுததுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பே. மொதமொத பாங்குக்குப் போன் பண்ணியே, அன்னைக்கும் ஹலோவுக்கு முந்தி அந்த மூச்சுத்தான் வந்துச்சு, அதக் கேட்டுட்டுத்தான லைன்ல இருங்கன்னேன். ஆப்பரேசனுக்கு அப்புறம் அது கூடுதலாக் கேக்கு. நீ எந்த ரூம்ல இருக்கேன்னு இப்ப எனக்குத் தேட வேண்டியதே இல்ல."

"அத வெட்டிட்டாங்க" என்றாள் அவள். "மூச்ச எல்லாம் வெட்டிருவோம்னு சார் அப்பவே சொன்னாவ."

"என்னத்துக்கு வெட்டுனாவ" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். பிறகு, "இனி இவதான் ஒனக்கு வாசிப்பாளா?" என்று கேட்டார். பக்கத்தில்தான் இருந்தார், கை நீட்டினால் தொட்டுவிடலாம், பதிலை வாயால் சொல்லியிருக்கலாம். கையே முந்திக்கொண்டது. மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள். சிகாமணி விருந்தாளிக்கு ஊற்றிய டம்ளரைக் கையால் துழாவி எடுத்து, பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, மீதியை அவள் பக்கம் நகர்த்தினார்.